அக்கா எழுதுவிச்ச கடிதம்

எனக்கு ஐம்பத்திரண்டு வயது நடக்கேக்க ஒரு டொக்டர், மகள் வயதுப் பிள்ளை, என்னை ரெண்டு மணித்தியாலம் கதிரையில இருத்திவைச்சுக் கேள்வி கேட்டா. கேட்டு முடிய, "ஐயா, உங்களுக்கு வருத்தம் எண்டு ஒண்டுமில்லை. உங்கட மூளை வேலை செய்யிற விதம் மற்ற ஆக்களை விட வேற. இதுக்கு ஓட்டிசம் எண்டு பேர். பிறக்கேக்கயே உங்களோட வந்தது, கடைசிமட்டும் உங்களோடதான் இருக்கும்" எண்டு சொன்னா. பிறகு ஒரு கடிதம் எழுதினா. உறையில போட முதல் முழுக்க எனக்கு வாசிச்சுக் காட்டி, "இதில உங்களுக்குச் சம்மதமில்லாத ஏதும் இருக்கோ?" எண்டு கேட்டா.

அவ்வளவு நேரமும் ஒழுங்கா இருந்த எனக்கு அந்தக் கேள்வியோட கோபம் வந்திட்டுது. அவவில இல்லை, அந்தப் பிள்ளை என்ன செய்தது. சண்டைக் காலத்தில நான் ஒன்பது வருஷம் சட்டைப் பொக்கற்றில வைச்சுக்கொண்டு திரிஞ்ச வேற ஒரு கடிதம் நினைவுக்கு வந்தது. அதை எனக்கு ஒருத்தரும் வாசிச்சுக் காட்டேல்லை. சம்மதமோ எண்டு கேக்கவுமில்லை. அதை எழுதுவிச்சது வேற ஆரும் இல்லை, என்ர சொந்த அக்கா.

இந்த வயதில இப்படி ஒண்டைக் கேள்விப்பட மனம் உடையேல்லையோ எண்டு ஆக்கள் கேக்கினம். என்ன கோதாரிக்கு உடையவேணும்? எனக்கு அது பெரிய ஆறுதல். விசரன் எண்டவங்கள், மொக்கன் எண்டவங்கள், படிச்ச திமிர் எண்டவங்கள், எல்லாருக்கும் சேத்து ஒரு பதில் கிடைச்சுது. இப்ப நான் சட்டைக் கழுத்தில இருக்கிற லேபலை வெட்டித்தான் போடுறனான். கலியாண வீட்டுக்குப் போனால் மேளம் துவங்க முதல் எழும்பி வந்திடுவன். ஏன் எண்டு கேட்டால் ஏன் எண்டு சொல்லுவன். மனம் உடைஞ்சது அதுக்கு எவ்வளவோ முந்தி. அதைத்தான் சொல்ல வந்தனான்.

அப்ப நான் துறைமுகத்தடியில வேலை. திருகோணமலையிலயிருந்து மூதூருக்குக் கடலால போற லோஞ்சுக்குப் பேர் எழுதிறது. சண்டைக் காலத்தில லோஞ்சில ஏற முதல் ஒவ்வொரு ஆளின்ர பேரும் அடையாள அட்டை நம்பரும் தாளில எழுதி சென்றியில, ஆமி நிண்டு மறிக்கிற இடத்தில, குடுக்கவேணும். மற்றக் கிளாக்குமார் அட்டையை வாங்கிப் பாத்துப் பாத்து எழுதுவினம். எனக்கு அட்டை தேவையில்லை. மூதூர், கட்டைபறிச்சான், சம்பூர் எண்டு வழமையாப் போய்வாற சனத்தின்ர நம்பரெல்லாம் எனக்குப் பாடம். முகம்தான் எனக்கு மனசில நிக்காது. ஆக்களின்ர முகத்தைப் பாத்தால் அவை கதைக்கிறது கேக்காது, கதைக்கிறது கேக்கவேணுமெண்டால் வேற எங்கையாவது பாக்கவேணும். அதால நான் செருப்பைப் பாத்துத்தான் ஆளைப் பிடிக்கிறது. சனத்துக்கு அது சரியான பகிடி. ஒருநாள் ஒரு மனிசி வேணுமெண்டு தங்கச்சியின்ர செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நிண்டா. நான் தங்கச்சியின்ர பேரை எழுதிப்போட்டன். வரிசை முழுக்கச் சிரிச்சுது, நானும் சிரிச்சனான்.

இந்த நம்பர்தான் பேந்து என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது. எனக்குப் பயம் வந்தால் வாயில தானா நம்பர் வரும். நான் சொல்லுறதில்லை, அது வரும். ஒரு காலமை வேலைக்குப் போகேக்க உட்துறைமுக வீதிச் சென்றியில மறிச்சு எங்க போறாய் எண்டு கேட்டாங்கள். அந்த நேரம் பாத்து எனக்குப் பின்னால ஒரு ஆமி ட்ரக் வந்து பிரேக் அடிச்சது. அந்தச் சத்தத்தோட எனக்கு எல்லாம் போச்சு. எங்க போறன் எண்டு சொல்லாமல் அந்த ட்ரக்கின்ர நம்பரைச் சொன்னன். பிறகு அதுக்கு முதல் நாள் சீனன்குடாப் பக்கம் போன ட்ரக்கின்ர நம்பர். பிறகு அந்தக் கிழமை முழுக்கப் போய்வந்த எல்லாத்தின்ர நம்பரும், வந்த ஒழுங்கில. எனக்கு அது சும்மா வாற சத்தம். அவங்களுக்கு அது வேவு. ரெண்டு நாள் வைச்சிருந்தாங்கள். அந்த ரெண்டு நாளையும் நான் எழுதப் போறதில்லை.

அக்கா என்னை விட ஒன்பது வயது மூப்பு. அப்பாவும் அம்மாவும் அப்ப இல்லை, வீட்டில நாங்கள் ரெண்டு பேர்தான். பள்ளிக்கூடத்தில தையல் படிப்பிச்சவ. அந்த ரெண்டு நாளும் என்ர படத்தைக் கையில வைச்சுக்கொண்டு அவ ஏறாத வாசல் இல்லை. என்னை எடுத்துக்கொண்டு வந்த பிறகு பதினொரு நாள் நான் வாய் திறக்கேல்லை. பன்ரெண்டாம் நாள் நான் சொன்னது ஒண்டுதான்: "அக்கா, எனக்கு வேலைக்குப் போகவேணும்."

அவ வேண்டாமெண்டு சொல்லேல்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தால வந்து, தேத்தண்ணி குடிச்சிட்டு, குசினிக்குள்ள கதிரையைப் போட்டு அதில ஏறி இருந்தா. வீடு கூட்டுற தும்புத்தடியை மடியில குறுக்க வைச்சா. "நான்தான் சென்றிக்காரன். வா" எண்டா. நான் கதவடியிலயிருந்து நடந்து வரவேணும். ஆறடி தள்ளி நிக்கவேணும். அட்டையை வலது கையால குடுக்கவேணும். "எங்க போறாய்?" "வேலைக்கு." "என்ன வேலை?" "லோஞ்சுக்குப் பேர் எழுதிறது." கண்ணைப் பாக்க எனக்கு ஏலாது எண்டு அவவுக்குத் தெரியும், அதால ரெண்டு புருவத்துக்கும் நடுவில பாக்கச் சொன்னா. நம்பர் வந்தால் நாக்கை மேலண்ணத்தோட ஒட்டிவைக்கச் சொன்னா. அக்கா சென்றிக்காரன் மாதிரி முறைச்சுப் பாக்க எனக்குச் சிரிப்பு வரும். சிரிச்சால் திரும்பக் கதவடியிலயிருந்து வரவேணும்.

மூண்டு மாதம். ஒரு நாள் தவறேல்லை. பெருநாள், திருநாள் எண்டும் இல்லை. வடிவாச் செய்த நாளில எனக்குக் கத்தரிக்காய் பொரிச்சுத் தருவா. என்ர சீவியத்தில ஒரு மனிசர் எனக்காக அவ்வளவு நேரம் செலவழிச்சது அந்த மூண்டு மாதம்தான். அதை நான் இண்டைக்கும் பொய்யெண்டு சொல்லமாட்டன்.

மூண்டாம் மாதம் முடியேக்க ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து தந்தா. சிங்களத்தில டைப் அடிச்சது. கீழ ரெண்டு சீல், ரெண்டு கையெழுத்து, மூண்டாவதா அக்காவின்ர கையெழுத்து. "இது வேலைக் கடிதம். நீ லோஞ்சில வேலை செய்யிறாய் எண்டு எங்கட ஊர் விதானையார் உறுதிப்படுத்தினது. அட்டையைக் குடுக்கேக்க இதையும் அட்டைக்குக் கீழ வைச்சுக் குடு" எண்டா. நான் ஓம் எண்டன்.

வாசிச்சுப் பாக்கேல்லையோ எண்டு இப்பத்தைப் பிள்ளையள் கேக்குங்கள். எங்கட பக்கத்தில அப்ப ஆர் வாசிச்சது? எல்லாற்ற பொக்கற்றிலயும் சிங்களத்தில ஒரு கடிதம் இருந்தது. விதானையார் தருவார், சீல் விழுந்திருக்கோ எண்டு பாப்பம், மழைக்கு நனையாமல் பொலித்தீனில போடுவம், அவ்வளவுதான். சீல்தான் எங்களுக்குக் கடிதம். மேல என்ன எழுதிக் கிடக்கெண்டு அதைத் தந்தவருக்கும் வாங்கிப் பாக்கிறவனுக்கும்தான் தெரியும், நடுவில அதைக் கொண்டு திரியிற எங்களுக்குத் தெரியாது. அதோட, தந்தது அக்கா. அக்கா ஒண்டைச் சொன்னால் எனக்கு அது அதுதான். ஆக்கள் ஒண்டைச் சொல்லி வேற ஒண்டை நினைப்பினம் எண்டது எனக்கு லேசில பிடிபடாத விஷயம்.

முதல் நாள் சென்றிக்குப் போனன். ஆறடி தள்ளி நிண்டன். புருவத்துக்கு நடுவில பாத்தன். நாக்கை ஒட்டினன். அட்டையும் கடிதமும் குடுத்தன். அவன் வாசிச்சிட்டு என்னை ஒருக்காப் பாத்து, ஏதோ மெல்லமாச் சொல்லி, போ எண்டு கையைக் காட்டினான். அடுத்த நாளும் அப்பிடித்தான். அதுக்கடுத்த நாளும். எனக்குப் பின்னாலயும் முன்னாலயும் நிண்ட சனம் பையைக் கொட்டிக் காட்டிக்கொண்டு நிக்கும், நான் நேராப் போவன். வாத்தியார்மாரை, பாங்கில வேலை செய்யிறவையை மறிச்சு வைச்சிருப்பாங்கள், நான் போவன். நான் வென்றிட்டன் எண்டு நினைச்சன். எல்லாரும் பிறக்கேக்கயே தெரிஞ்சுகொண்டு வாறதை நான் குசினிக்குள்ள நிண்டு பழகி எடுத்திட்டன் எண்டு நினைச்சன்.

அந்தச் சென்றிக்காரரில ஒருத்தர் இருந்தவர், சத்தம் போடாமல் கதைக்கிற ஆள். என்னைக் கண்டால் பொக்கற்றுக்குள்ள கையை விட்டு ஒரு டொபி தருவார். வேற ஒருத்தருக்கும் குடுக்கிறதில்லை. எனக்கெண்டு சிநேகிதர் ஒருத்தரும் இருக்கேல்லை, இவர்தான் முதல் சிநேகிதர் எண்டு மனசுக்குள்ள வைச்சிருந்தன். முப்பது வயது ஆம்பிளை, டொபியைச் சூப்பிக்கொண்டு வேலைக்குப் போவன்.

கொஞ்சம் கூடத்தான் எடுப்பும் எடுத்தனான். லோஞ்ச் வரிசையில ஆரும் சென்றியில அடி வாங்கிக்கொண்டு வந்தால் நான் அவைக்குப் புத்தி சொல்லுவன். புருவத்துக்கு நடுவில பாருங்கோ, ஆறடி தள்ளி நில்லுங்கோ எண்டு. அவையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நிப்பினம். வீட்டை வந்து, "அக்கா, நான் இப்ப நல்லாப் பழகியிட்டன், என்ன?" எண்டு கேட்டால், தையல் மெசினை நிப்பாட்டாமல், "ஓம் தம்பி, நல்லாப் பழகியிட்டாய்" எண்டு சொல்லுவா. ஒன்பது வருஷம் சொன்னா.

ஒரேயொரு நாள்தான் பிழைச்சது. மூண்டாவது வருஷம். காலமை வெளிக்கிடேக்க பொலித்தீனுக்குள்ள கடிதம் இல்லை. கேட்க, "விதானையார் புதுத் திகதி போட வாங்கினவர், நாளைக்குத் தருவார். உனக்குத்தானே இப்ப எல்லாம் வடிவாத் தெரியும், அட்டை மட்டும் காணும்" எண்டா அக்கா. போனன். எல்லாம் ஒழுங்காத்தான் செய்தன். சென்றியில நிண்டவன் ஏதோ கேட்டான், நான் புருவத்துக்கு நடுவில பாத்தன். திரும்பிக் கேட்டான், பாத்தன். கன்னத்தைப் பொத்தி அடிச்சான். அடியோட நம்பர் வரத் துவங்கிட்டுது. உச்சி வெயிலில முழங்காலில நிப்பாட்டினாங்கள். டொபிக்காரர் டியூட்டிக்கு வந்து கண்டுதான் விட்டது. வீட்டை வர, அக்கா எண்ணெய் பூசிக்கொண்டு அழுதா. நான்தான் அவவைத் தேற்றினனான். "அழாதேங்கோ அக்கா, அவன் புதுசு. அவனுக்கு என்னைத் தெரியாது."

பேந்து சமாதானம் எண்டு ஒண்டு வந்தது. சென்றியள் குறைஞ்சுது. கடிதம் மடிப்பு மடிப்பாக் கிழிஞ்சு போச்சு. எனக்கு அதை எறிய மனம் வரேல்லை. நான் படிச்சு வாங்கின பத்திரம் எண்டு என்னட்ட இருந்தது அது ஒண்டுதான். லமினேற் பண்ணி அலுமாரியில வைப்பமெண்டு கடைத்தெருவுக்குக் கொண்டு போனன். போட்டோக்கொப்பிக் கடை வைச்சிருந்தவர் ஒரு முஸ்லிம் ஆள், கிண்ணியாக்காரர், நானா எண்டுதான் கூப்பிடுறது. சிங்களம் எழுத வாசிக்க நல்லாத் தெரிஞ்சவர். தாளைக் கண்ணாடியில வைக்கப் போனவர் நிண்டிட்டார்.

"தம்பி, இதை என்னத்துக்கு லமினேற் பண்ணுறீங்க?"

"என்ர வேலைக் கடிதம் நானா."

அவர் மெசினை நிப்பாட்டினார். "உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதா?" எண்டு கேட்டார். இல்லை எண்டன். "அப்ப வீட்ட கொண்டு போங்க, பிறகு பாப்பம்" எண்டு மடிச்சுத் தந்தார். எனக்கு அது விளங்கேல்லை. வாசியுங்கோ எண்டன். அவர் மாட்டன் எண்டார். நான் அசையாமல் நிண்டன். நான் நிண்டால் நிக்கிறதுதான், அதுவும் என்ர குணம். கடைசியா அவர் கதிரையில இருந்து, ஒவ்வொரு வரியா, தமிழில சொன்னார்.

இதைக் கொண்டு வருபவர் பிறவியிலேயே புத்தி வளர்ச்சி இல்லாதவர். ஐந்து வயதுப் பிள்ளையின்ர அறிவுதான் இருக்கு. தான் என்ன சொல்லுறார் எண்டு அவருக்கு விளங்காது. வாயில வாறதை எல்லாம் சொல்லுவார், அதைக் கணக்கில எடுக்க வேண்டாம். அவரால ஒருத்தருக்கும் ஆபத்து இல்லை. இரக்கப்பட்டு அவரைப் போக விடவும். ஒரு சீல் விதானையாருடையது. மற்றது ஒரு டொக்டருடையது. மூண்டாவது கையெழுத்து, பாதுகாவலர்.

அக்கா மெசினில இருந்தா. ஆற்றையோ பள்ளிக்கூடச் சட்டை தைச்சுக்கொண்டிருந்தா. கடிதத்தை மெசின் பலகையில வைச்சன். அவவுக்கு விளங்கியிட்டுது. காலை மெசினிலயிருந்து எடுத்தா.

"வேலைக் கடிதம் எண்டு சொன்னீங்கள்" எண்டன்.

"ஓம். பொய்தான் சொன்னனான்."

"அப்ப தும்புத்தடியோட மூண்டு மாதம் இருந்தது?"

"கடிதத்தை மட்டும் தந்திருந்தால் நீ வாசலைத் தாண்டியிருக்க மாட்டாய். அவ்வளவு பயந்துபோய் இருந்தாய். உனக்கு நம்பிக்கை வரட்டும் எண்டுதான்" எண்டா. பிறகு தைச்ச துணியைப் பாத்துக்கொண்டு, "எனக்கும் ஒருக்கா நம்பிக்கை வந்தது" எண்டா. "நீ பழகியிட்டன் பழகியிட்டன் எண்டு சொல்லச் சொல்ல நானும் நம்பிட்டன். அதால ஒரு நாள் கடிதத்தை எடுத்து ஒளிச்சு வைச்சுப் பாத்தனான். நீ கன்னம் வீங்கி வந்தாய்."

விதானையாருமில்லை, புதுத் திகதியுமில்லை. என்னைச் சோதிச்சுப் பாத்திருக்கிறா. நான் அவவைத் தேற்ற, அவ தேறுற மாதிரி இருந்திருக்கிறா. "நீ உயிரோட நிக்கிறாய்தானே. அது காணும் எனக்கு. திரும்பக் கேட்டாலும் அதே பொய்யைத்தான் சொல்லுவன்" எண்டா.

"என்னட்டக் கேட்டிருக்கலாம்" எண்டன். "கேட்டிருந்தால் நான் ஓம் எண்டிருப்பன். நாங்கள் ரெண்டு பேரும் சேந்து அவங்களை ஏமாத்தியிருக்கலாம். நீங்கள் அவங்களோட சேந்து என்னை ஏமாத்திப்போட்டீங்கள்."

நான் அதுக்குப் பிறகு ஏழு மாதம் அவவோட கதைக்கேல்லை. ஒரே வீடு, ஒரே சோறு, கதை மட்டும் இல்லை.

அந்த ஏழு மாதத்தில நான் சிங்களம் படிச்சன். இனி என்ர பொக்கற்றில நான் வாசிக்காத தாள் ஒண்டும் இருக்காது எண்டு முடிவெடுத்தனான். போட்டோக்கொப்பிக் கடை நானா மூண்டாம் வகுப்புப் புத்தகம் ஒண்டு எடுத்துத் தந்தார். எழுத்தும் சொல்லும் எனக்கு கெதியா ஏறும், அதில கஷ்டம் இருக்கேல்லை. கஷ்டம் வேற. நான் காதால கேட்டதை மறக்கிற ஆள் இல்லை. சென்றியில ஒன்பது வருஷமா அவங்கள் தங்களுக்குள்ள கதைச்சது எல்லாம், அர்த்தம் தெரியாமல், சத்தமா மட்டும் உள்ள கிடந்தது. பாஷை விளங்க விளங்க அது ஒவ்வொண்டா விளங்கத் துவங்கிட்டுது. நான் சோறு தின்னுவன், திடீரெண்டு ஒரு வசனம் விளங்கும். "அந்த விசரன் வாறான், விடு." "பாவம், எங்கட ஊரிலயும் இப்படி ஒண்டு இருக்கு." "அக்காக்காரி செத்தால் இதை ஆர் பாக்கிறது?" கடைசியாச் சொன்னது டொபிக்காரர். டொபியைத் தந்துகொண்டு, பக்கத்தில நிண்டவனுக்குச் சொன்னது.

சண்டை திரும்பத் துவங்கிச்சு. சம்பூர்ப் பக்கத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து போச்சு, லோஞ்சுக்கு வந்த செருப்புகளில பாதியைப் பிறகு நான் காணேல்லை. சென்றியள் திரும்ப வந்தது, புதுப் பெடியள். அக்கா ஒண்டும் சொல்லாமல் கடிதத்தைப் புதுசா எழுதுவிச்சு, சீல் குத்தி, என்ர அட்டைக்குக் கீழ வைச்சிருந்தா. நான் எடுத்து மேசையில வைச்சிட்டு என்ர கடிதத்தை எடுத்தன். நானே சிங்களத்தில எழுதினது, நாலு நாள் இருந்து. எழுதி முடிய அக்காவை இருத்தி முழுக்கத் தமிழில வாசிச்சுக் காட்டினன்.

"நான் கதைக்கேக்க முகத்தைப் பாக்கமாட்டன், அது மரியாதைக் குறைவு இல்லை. பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்துவன். சரியாப் பயந்தால் வாயில நம்பர் வரும், அதுக்கு அர்த்தம் ஒண்டுமில்லை. நீங்கள் சொல்லுறது எல்லாம் எனக்கு விளங்கும். ஆறுதலாக் கேளுங்கோ, உண்மையைச் சொல்லுவன்." கீழ என்ர பேர், என்ர கையெழுத்து.

"இதுக்கு ஆர் சீல் குத்தினது?"

"ஒருத்தருமில்லை."

"சீல் இல்லாத கடிதத்தை ஆர் மதிப்பான்?"

"அது எனக்கும் தெரியாது. அதைத்தான் பாக்கப் போறன். நீங்கள் குறுக்க வரமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

"வரமாட்டன்" எண்டா அவ. அந்தக் கடிதத்தில எழுதினது எனக்கு இப்பவும் பிடிக்கும். டொக்டர் ரெண்டு மணித்தியாலம் இருந்து கண்டுபிடிச்சதில பாதிக்கு மேல அதில கிடக்கு.

சென்றியில ஒரு பெடியன். சப்பாத்து புதுசு, லேசைப் பிழையாக் கட்டியிருந்தான். அட்டையும் கடிதமும் குடுத்தன். புருவத்துக்கு நடுவில பாக்கேல்லை. சப்பாத்தையே பாத்துக்கொண்டு நிண்டன். அவன் ரெண்டு தரம் வாசிச்சான்.

"ஆர் எழுதினது?" எண்டு சிங்களத்தில கேட்டான்.

"நான்" எண்டு சிங்களத்திலயே சொன்னன்.

"இப்பப் பயமா இருக்கோ?"

"ஓம்."

"அப்ப ஏன் நம்பர் சொல்லேல்லை?"

"நீங்கள் ஆறுதலாக் கேக்கிறீங்கள்."

அவன் அடிக்கேல்லை. குரல் உயரேல்லை. "பெரியவரிட்டக் கேட்டிட்டு வாறன், அந்த நிழலில நில்" எண்டு சொல்லி, கடிதத்தைப் பிழையில்லாமல் மடிச்சுக் கையில வைச்சுக்கொண்டு உள்ள திரும்பினான். என்ர சீவியத்தில ஒரு சென்றிக்காரன் என்னட்ட ஒரு பெரிய ஆளிட்டக் கேக்கிற மாதிரிக் கேள்வி கேட்டது அதுதான் முதல்தரம். நான் நிழலில நிண்டன். நம்பர் வரேல்லை.

அப்பத்தான் அக்கா வந்தா. குடையும் இல்லை, ஓடி வந்திருக்கிறா, மூச்சு வாங்கினது எனக்குக் கேட்டுது. என்னைப் பாக்கேல்லை. நேரா அந்தப் பெடியனைக் கூப்பிட்டு, சீல் குத்தின கடிதத்தை ரெண்டு கையாலயும் நீட்டினா. "தம்பி, பாவம், இவருக்கு ஒண்டும் தெரியாது" எண்டு தனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்தில சொன்னா. அவன் அதை வாசிச்சான். சீலைப் பாத்தான். பிறகு என்னோட கதைச்சான், ஆனால் குரல் மாறியிட்டுது. சின்னப் பிள்ளையளோட கதைக்கிற குரல். "சரி சரி, அக்காவோட வீட்ட போ, என்ன?" எண்டான். ரெண்டு கடிதத்தையும் அக்காவின்ர கையில குடுத்தான்.

அவன் உள்ள போய்க் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியாது. விட்டிருக்கலாம். திரும்பக் கொண்டுபோய் ரெண்டு நாள், ரெண்டு வருஷம் வைச்சிருக்கலாம். எதுவெண்டாலும் அது எனக்கு நடந்ததா இருந்திருக்கும். இன்னும் அஞ்சு நிமிஷம் அவ பொறுத்திருந்தால் நான் அறிஞ்சிருப்பன். என்னைச் சோதிச்சுப் பாக்க அவவுக்கு ஒரு நாள் இருந்தது, என்னை நானே சோதிச்சுப் பாக்க எனக்கு அஞ்சு நிமிஷம் தரேல்லை. இந்த மனவருத்தம் இண்டைக்கும் ஆறேல்லை. அவவோட ஒரே வீட்டில இருந்துகொண்டுதான் இதை எழுதுறன்.

அக்கா என்ர கையைப் பிடிச்சா. என்னை ஆரும் தொட்டால் எனக்குத் தோல் எரியிற மாதிரி இருக்கும், அது அவவுக்கு நான் பிறந்த காலத்திலயிருந்து தெரியும். அம்மா செத்த அண்டைக்குக்கூட அவ என்னைத் தொடேல்லை. இப்பப் பிடிச்சா, இறுக்கி, விரலுக்குள்ள விரலை விட்டு. பெடியன் பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருந்தான். உதறுவமெண்டு கை துடிச்சுது. உதறி, திரும்பி நிண்டு, அவனுக்குச் சிங்களத்தில ரெண்டு வசனம் சொன்னால் காணும், அக்கா குடுத்தது பொய்க் கடிதம் எண்டு தெரிஞ்சிடும். அதில பாதுகாவலர் எண்டு கையெழுத்து வைச்சது அவ. பிடிக்கிறதெண்டால் அவவைத்தான் பிடிப்பாங்கள்.

வீதி முடக்குத் திரும்பும் மட்டும், தலையைக் குனிஞ்சுகொண்டு, ஒண்டும் விளங்காத ஆள் மாதிரி, அக்காவின்ர கையைப் பிடிச்சபடி நடந்தன்.